ரசாயனம் தெறித்த கண்ணைக் கழுவுவது எப்படி: கேசுவாலிட்டிக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு முழு வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலே குமுளி, வண்டன்மேடு பக்கமும் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளில், கண் டாக்டரும், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியும் இல்லாத கேசுவாலிட்டியில் நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வருகிற கண் கேஸ்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும்போது முகத்தில் தெறித்தது, போர்டோ கலவைக்கு (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறித்தது, பேட்டரி ஆசிட், பாத்ரூம் கழுவுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர், அப்புறம் பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடிய குழந்தை.

காலேஜில் படித்த வரிசை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதில் தொடங்கி, பொருட்களை எடுத்து வைத்து, பார்வையை அளந்து எழுதிவிட்டுக் கழுவச் சொல்லும். தூசி விழுந்த கண்ணுக்கு அது சரி. ரசாயனம் விழுந்த கண்ணுக்கு அந்த வரிசை ஆகாது. கழுவுவதுதான் முதலில் வர வேண்டும், பார்வை அளப்பது, ரெஜிஸ்டர், ஓ.பி. சீட்டு எல்லாம் பின்னால் போக வேண்டும். புதியவர்கள் கை வேலையில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, இந்த வரிசையில்தான் தடுமாறுகிறார்கள்.

1. ஆள் வருவதற்கு முன்பே ஒரு டப்பா

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மேலே 'கண்' என்று எழுதி, கேசுவாலிட்டியிலேயே வையுங்கள். ஸ்டோரில் வைத்தால் சாவி யாரிடம் என்று தேடுகிற நேரத்தில் கண் போய்விடும். நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ அரை லிட்டர் பாட்டில் குறைந்தது நான்கு, இரண்டு ஐவி செட், கையுறை, காஸ், காட்டன் பட், டார்ச், கிட்னி ட்ரே, தண்ணீர் இறங்காத மெக்கிண்டாஷ் ஷீட், டவல், கண்ணுக்கு மேலே வைக்கும் ஷீல்டு, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஹெச் பட்டை. மரத்துப்போகும் சொட்டு மட்டும் பிரிட்ஜில் இருக்கும், எந்தத் தட்டில் என்று டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

ரிங்கர் லாக்டேட் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், சலைனைவிட எரிச்சல் கொஞ்சம் குறைவு. இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீர் போதும். சலைன் வரட்டும் என்று காத்திருப்பதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

அவசரத்தில் தவறான பாட்டிலை மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலும் சலைன் பாட்டிலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். டிரெஸ்ஸிங் டிராலியில் லேபிள் இல்லாத கிண்ணத்தில் இருக்கிற தெளிவான நீரைச் சலைன் என்று நம்பிக் கண்ணுக்குக் கொண்டு போகாதீர்கள். அது ஸ்பிரிட்டாக இருக்கலாம், பெராக்சைடாகவும் இருக்கலாம். சீல் பிரிக்காத பாட்டில், லேபிளைப் படித்த பிறகு, அவ்வளவுதான்.

பிஹெச் பட்டை தனியாக இல்லாத இடத்தில் யூரின் டெஸ்ட் ஸ்டிரிப்பில் இருக்கும் பிஹெச் கட்டத்தை மட்டும் விட்டு, மற்ற கட்டங்களை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

2. போன் வந்தால் அங்கேயே கழுவச் சொல்லுங்கள்

மேலே எஸ்டேட்டிலிருந்து ஜீப் கீழே இறங்க முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க ரசாயனம் கண்ணுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் கங்காணியோ சூப்பர்வைசரோ போன் செய்தால், "உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். "அங்கேயே குடிக்கிற தண்ணியை எடுத்து இருபது நிமிஷம் ஊத்துங்க, இமையை விரிச்சுப் பிடிச்சு ஊத்துங்க, அப்புறம் ஜீப்புல ஏத்துங்க, வழியிலயும் ஊத்திக்கிட்டே வாங்க" என்று சொல்லுங்கள்.

மருந்து கலக்கிய மக்கில் மோந்து ஊற்ற வேண்டாம் என்றும், ஸ்பிரேயர் ஹோஸைக் கண்ணில் பிடிக்க வேண்டாம் என்றும் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செய்வார்கள், பக்கத்தில் இருப்பது அதுதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். என்ன மருந்து என்று தெரிய டப்பாவையோ லேபிளின் போட்டோவையோ கொண்டு வரச் சொல்லுங்கள். இந்தியாவில் விற்கும் பூச்சிமருந்து லேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கடும் விஷம்.

3. வாசலில் ஒரே கேள்வி: கண் குத்துப்பட்டிருக்கிறதா?

கழுவுவதற்கு முன்னால் நிற்க வேண்டிய ஒரே இடம் இது. கம்பி, முள், உளி, பட்டாசு, உடைந்த பாட்டில், இப்படி எதாவது வேகமாகக் கண்ணில் பட்டதா என்று கேட்டுக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். கருவிழியில் வெட்டு, வெளியே பிதுங்கிய கருப்புத் திசு, ஒருபக்கம் இழுத்துச் சொட்டு வடிவில் நிற்கும் கண் பாப்பா (கண் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்), இதில் ஒன்று இருந்தாலும் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், இமையை அழுத்தாதீர்கள். ஷீல்டு வையுங்கள். ஷீல்டு இல்லையென்றால் பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, எலும்பின் மேல் உட்காரும்படி ஒட்டினால் போதும். பஞ்சு வைத்துக் கட்டுவது இந்த இடத்தில் பெரிய தப்பு, கட்டின் அழுத்தத்திலேயே உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். குத்துக்காயமும் ரசாயனமும் சேர்ந்து வந்தால் டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குத்துப்படவில்லையா? சரி, உடனே தண்ணீர். பிஹெச் பட்டை கையில் இருந்தால் கீழ் இமைக்குள் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம், தேட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆசிட்டைவிடச் சுண்ணாம்புக்குத்தான் நான் பயப்படுவேன். ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து அதுவே ஓரளவுக்குத் தடுப்பாக நிற்கும். காரம் அப்படியில்லை, செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், சிமெண்ட், காஸ்டிக் சோடா என்று கேட்டவுடனே, ஆள் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஓடுங்கள்.

காரத்துக்கு எலுமிச்சம்பழம், ஆசிட்டுக்குச் சோடா உப்பு என்று ஒன்றை ஒன்று வைத்து முறிக்கும் யோசனை யாராவது சொல்வார்கள். அந்த வினையில் சூடு கிளம்பும், கண்ணுக்கு இன்னொரு தீப்புண். நிறைய தண்ணீர், அது மட்டும்தான்.

4. படுக்க வைப்பதும் தலையைத் திருப்புவதும்

உலர்ந்த சுண்ணாம்புத் தூள் முகத்தில் இருந்தால் முதலில் ஈரமில்லாத துணியால் நெற்றி, புருவம், கன்னத்திலிருந்து தட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீரே அதைக் கரைத்துக் கண்ணுக்குள் கொண்டு போகும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, அடிபட்ட கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாயுங்கள். அந்தக் கண் கீழே இருந்தால்தான் வடியும் நீர் மூக்கைத் தாண்டி நல்ல கண்ணுக்குள் போகாது. தோளுக்கடியில் மெக்கிண்டாஷ், காதோரம் கிட்னி ட்ரே. காதுக்குள் ஒரு பஞ்சு வைத்தால் அவருக்கு நிம்மதி. காதில் தண்ணீர் போகிறது என்று தலையைத் தூக்கிக்கொண்டே இருப்பவரைக் கழுவ முடியாது.

கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடலாம்.

குழந்தையைப் பெட்ஷீட்டில் கைகளோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள், அம்மாவைத் தலைமாட்டில் நிற்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். "ஒண்ணும் வலிக்காது கண்ணு" என்று பொய் சொல்ல வேண்டாம், இரண்டாவது தடவை உங்களை நம்பாது.

5. மரத்துப்போகும் சொட்டு

புரோபராகெய்ன் 0.5 சதவீதம், டாக்டர் சொன்னபடி ஒன்றிரண்டு சொட்டு. விட்டதும் கொஞ்சம் எரியும், அரை நிமிடத்துக்குள் மரத்துவிடும், ஏறத்தாழ 15 நிமிடம் நிற்கும். கழுவக் கழுவ அதுவும் சேர்ந்து போய்விடுவதால் நடுவில் திரும்ப விட வேண்டிவரும். இது இல்லாமல் கழுவ முயல்கிறவர்கள் இறுக்கி மூடிய இமைக்கு மேலேதான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இமை நன்றாக நனையும், கண்ணுக்குள் ஒன்றும் போகாது.

சொட்டு கைக்கு வரும்வரை நிற்க வேண்டாம். ஒருவர் கழுவட்டும், இன்னொருவர் பிரிட்ஜுக்குப் போகட்டும்.

6. தண்ணீர் விடுவது

ஐவி செட்டோடு ஒரு ஊசி வரும். முதலில் அதைக் கழற்றி ஷார்ப் டப்பாவில் போடுங்கள். சலைன் பாட்டில் மூடியில் ஊசியைக் குத்தி, பாட்டிலை அமுக்கிப் பீய்ச்சும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நோயாளி ஒருமுறை திமிறினால் ஊசி கருவிழியில் இருக்கும். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஊசியில்லாத குழாய் முனையைக் கண்ணிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஐவி செட்டில் ஒழுக்கைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை முழுக்கத் திறந்துவிடுங்கள், சொட்டுச் சொட்டாக விட்டால் கழுவியதாகாது, ஓடை மாதிரி தொடர்ந்து போக வேண்டும். கெட்டியான பாட்டிலாக இருந்தால் உள்ளே காற்று போக வழி இருக்கிறதா பாருங்கள். காற்று போகாவிட்டால் பாதியில் ஒழுக்கு மெலிந்து நின்றுவிடும், செட் கெட்டுப்போனது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மூக்கோரத்து முனையில் தொடங்கி வெளி முனைக்கு ஓட விடுங்கள். நேராகக் கருவிழியின் நடுவில் அடிக்காமல் வெள்ளைப் பகுதியில் விழும்படி. இமையை விரிக்கும் கை எலும்பின் விளிம்பில் அழுத்த வேண்டும், விழியின் மேல் அல்ல. ஈரத்தில் இமை வழுக்கும், உலர்ந்த காஸை விரலில் சுற்றிப் பிடித்தால் நிற்கும்.

நோயாளி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி இடம்தான் கழுவப்படும். "அண்ணே, மேல பாருங்க, கீழ பாருங்க, இடது பக்கம், வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். குமுளிப் பக்கம் மலையாளத்துக்காரர் வந்தால் "முகளிலேக்கு நோக்கு, தாழேக்கு நோக்கு" என்ற இரண்டு சொல் போதும், மீதியை விரல் காட்டிப் புரியவைக்கலாம்.

மலையில் டிசம்பர், ஜனவரியில் ஸ்டோரிலிருந்து வரும் சலைன் ஐஸ் மாதிரி இருக்கும், பட்டதும் இமை பூட்டிக்கொள்ளும். முதல் பாட்டிலை அப்படியே மாட்டிவிட்டு, அடுத்த பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு வையுங்கள். மாட்டும் முன் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள், சூடாகவும் தெரியக்கூடாது, குளிராகவும் தெரியக்கூடாது.

இரண்டு கண்ணிலும் பட்டு, நீங்கள் தனியாளாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஆக்சிஜன் கொடுக்கும் நேசல் பிராங்ஸை மூக்குத் தண்டின் மேல் வைத்து, இரண்டு முனையும் இரண்டு கண்ணின் உள்முனையைப் பார்க்கும்படி ஒட்டி, மறுமுனையை ஐவி செட்டில் இணைத்துவிட்டால் இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகும். தலையை மட்டும் நேராக வையுங்கள்.

7. இமையைப் புரட்டாமல் கழுவினது கழுவினதாகாது

இந்த இடத்தில்தான் நான் அதிகம் சத்தம் போடுவேன். சுண்ணாம்பு கேஸில் இரண்டு லிட்டர் விட்டும் பிஹெச் இறங்காது, எல்லாரும் மூன்றாவது பாட்டிலை மாட்டுவார்கள். மேல் இமைக்குள் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அது கரைந்துகொண்டே இருக்கிறவரை எத்தனை பாட்டில் விட்டாலும் காரம் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், இது முக்கியம், மேலே பார்த்தால் இமை புரளாது. மேல் இமை முடியைப் பிடித்து லேசாக முன்னுக்கு இழுங்கள். இமை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, தோலின் மேல், காட்டன் பட்டைக் கிடையாக வைத்து, முடியை மேல்நோக்கிப் புரட்டுங்கள். உள்பக்கம் சிவப்பாகத் திரும்பி நிற்கும். அப்படியே பிடித்துக்கொண்டு, சலைனில் நனைத்த இன்னொரு பட்டால் துடைத்தெடுத்து, உடனே தண்ணீர் விடுங்கள். உலர்ந்த பட்டைக் கண்ணுக்குள் கொண்டு போகாதீர்கள், மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கீழ் இமையை இழுத்து அந்தப் பள்ளத்தையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடையுங்கள். கருவிழியின் மேல் ஒட்டியிருப்பதை மட்டும் நீங்கள் சுரண்ட வேண்டாம், அது டாக்டர் வேலை. மேல் இமையின் ஆழமான மடிப்புக்கு இமையை இரண்டு தடவை புரட்டும் ரிட்ராக்டர் வேண்டும், அது இருந்து டாக்டரும் இருந்தால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

சூப்பர் குளூ விழுந்து இமைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். ஈரக் காஸ் போட்டு அனுப்புங்கள்.

8. எப்போது நிறுத்துவது

பாட்டில் காலியானதும் நிறுத்துவதும், "போதும் சிஸ்டர், இப்போ எரியல" என்று அவர் சொன்னதும் நிறுத்துவதும் ஒரே தப்புதான். எரியாததற்குக் காரணம் நீங்கள் விட்ட மரத்துப்போகும் சொட்டு.

குறைந்தது ஒன்றிரண்டு லிட்டர், 15 முதல் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரம் என்றால் அதற்கு மேலேயும் போகும். அப்புறம் நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்து, கீழ் இமைப் பள்ளத்தில் பட்டையைத் தொடுங்கள். காத்திருக்காமல் உடனே தொட்டால் நீங்கள் அளப்பது கண்ணை இல்லை, சலைனை. சலைன் கொஞ்சம் அமிலப் பக்கம் இருக்கும் என்பதால் அந்த அளவு உங்களை ஏமாற்றிவிடும்.

7.0 முதல் 7.4 வரை வந்தால் சரி. நல்ல கண் ஒன்று இருந்தால் அதையும் தொட்டுப் பார்த்து ஒப்பிடுங்கள், பட்டையின் நிறத்தில் சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வரவில்லையென்றால் இமையைத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பாட்டில். வந்துவிட்டாலும் அரை மணி கழித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். திசுவுக்குள் போயிருந்த காரம் மெல்ல வெளியே வந்து பிஹெச்சைத் திரும்ப ஏற்றிவிடும்.

9. தோட்டத்து மருந்து என்றால் ஆளையும் பாருங்கள்

குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் கண் வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் வியர்த்துக் கொட்டுவதும் எச்சில் வழிவதும் வாந்தியும் நாடி மெதுவாவதும் கவனத்துக்கு வராது. கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் சுருங்கியிருந்தால் மருந்து அங்கேயே பட்டதால் இருக்கலாம், ஆனாலும் அவரைத் தனியே விடாதீர்கள்.

மருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றிப் பையில் கட்டிப் போட்டு, தலைமுடியையும் தோலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை உதவிக்கு வந்த ஆள் செய்யட்டும், நீங்கள் கண்ணை விடாதீர்கள். இருவரும் நைட்ரைல் கையுறை போடுங்கள்.

10. கழுவிய பிறகு

இப்போதுதான் பார்வை அளக்கும் நேரம். சார்ட் இருந்தால் ஒவ்வொரு கண்ணாக. இல்லையென்றால் விரல் எண்ணுகிறாரா, கை அசைவு தெரிகிறதா, டார்ச் வெளிச்சமாவது தெரிகிறதா என்று. என்ன ரசாயனம், எத்தனை மணிக்குப் பட்டது, எங்கே கழுவினார்கள், நீங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை லிட்டர், முன்னும் பின்னும் பிஹெச், இமை புரட்டியதில் என்ன வந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரோ ஊற்றியது என்று பேச்சு வந்தால் அது எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ்), டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் கழுவுவது அதற்காக ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

கண் நன்றாகச் சிவந்திருந்தால் பயந்து ஓடுகிறார்கள், வெள்ளையாக இருந்தால் "லேசுதான்" என்கிறார்கள். ரசாயனக் காயத்தில் இது பெரும்பாலும் மாறித்தான் இருக்கும். கருவிழியைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பகுதி ரத்தமில்லாமல் பளிங்கு மாதிரி வெளுத்திருந்தால் அங்கே ரத்தக்குழாய்களே எரிந்துவிட்டன என்று அர்த்தம், கருவிழி மங்கலாக இருந்தால் இன்னும் மோசம். இவர்களை அன்றைக்கே அனுப்ப வேண்டும். இந்தப் பக்கத்துக்குத் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மேலேயிருந்து சிலர் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போவார்கள். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநிலத்திலும் 108 என்ற ஒரே எண்தான். பிஹெச் சரியாகாமல் அனுப்புவதாக இருந்தால் ஆம்புலன்ஸில் பாட்டிலை மாட்டி, போகும் வழியெல்லாம் கழுவச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டி அனுப்பாதீர்கள், உள்ளே மிச்சமிருப்பதை மூடிவைத்தது போலாகும். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக விடாதீர்கள்.

மரத்துப்போகும் சொட்டு பாட்டிலை நோயாளி கையில் கொடுக்கவே கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும். அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாது, வலி தெரியாமலே கரைந்துபோகும்.

தோட்டத்து ஆட்களுக்குச் சாயந்திர ஜீப்பைப் பிடிக்கிற அவசரம் இருக்கும். வலி இல்லை, நான் கிளம்புறேன் என்பார்கள். சொட்டின் வேகம் கால் மணியில் இறங்கி வலி திரும்ப வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி கழித்து எடுக்கும் அந்த இரண்டாவது பிஹெச்சைப் பார்த்து டாக்டர் சொல்கிறவரை பெஞ்சிலேயே உட்கார வையுங்கள். போக விட்டாலும் மறுநாள் காலையில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று, அவரோடு வந்தவரிடமும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.